நினைவில் நிற்கும் குரல்

ஆட்டம் முடிந்த பின்னும் அதனை வர்ணித்த குரல் பல்லாண்டுகள் நினைவில் நிற்பதுண்டு. அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்திலிருந்து ஒரு சான்று காண்போம்.

1951ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள். நியூயார்க் நகரில் ஜயன்ட்ஸ் அணியும் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியும் மோதின. வெல்லும் அணிக்கே தேசிய லீக் பட்டம். இறுதி இன்னிங்ஸில் ஜயன்ட்ஸ் 2, டாட்ஜர்ஸ் 4 என்றிருந்தது. அப்போது பாபி தாம்சன் அடித்த பந்து பார்வையாளர் பகுதியில் சென்று விழுந்தது. இதனை ஹோம் ரன் என்பர். களத்தில் நின்ற இருவரும் தாம்சனும் ஓடி வர, மூன்று ஓட்டங்கள் கிடைத்தன. ஜயன்ட்ஸ் 5–4 என வென்றது.

வானொலி வர்ணனையாளர் ரஸ் ஹாட்ஜஸ், தம் அணி பட்டம் வென்றது என்னும் செய்தியை ஒரே தொடரால் அடுத்தடுத்து நான்கு முறை முழங்கினார். உவகை மிகுதியால் சொல் அடுக்கி வருவதைத் தமிழ் இலக்கணம் அடுக்குத்தொடர் என்கிறது. உணர்ச்சியோடு பிறந்த எளிய சொல் எளிதில் மறவாது. ஆதலின், அன்று பிறவாத ரசிகர்களும் அவரைப் போலவே அதனைச் சொல்லிக் காட்டுவர்.

அக்காலத்தில் வானொலி நிலையங்கள் எல்லா ஒலிபரப்புகளையும் பதிந்து வைப்பதில்லை. ரசிகர் ஒருவர், ஆட்டத்தின் இறுதிப் பகுதியைப் பதிவு செய்யுமாறு தம் தாயிடம் கூறிவிட்டு வேலைக்குச் சென்றார். அன்னையும் மறவாமல் ஒலிப்பதிவுக் கருவியை இயக்கினார். அவர் மறந்திருந்தால், அக்குரல் அன்றே காற்றில் கரைந்திருக்கும்.

செயல்பாடு: உம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் மறவாத வானொலிக் குரல் எது எனக் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.