பிரசவம் பார்ப்பவர் யார்?

பிரசவம் பார்ப்பவர் என்றாலே டாக்டர்தான் நினைவுக்கு வருகிறார். கர்ப்பத்தையும் பிரசவத்தையும் கவனிப்பவர் மகப்பேறு மருத்துவர். கருப்பை, சினைப்பை நோய்களைக் குணப்படுத்துபவர் மகளிர் நோய் மருத்துவர். இந்தியாவில் இரண்டும் ஒரே மேற்படிப்பு என்பதால் பெரும்பாலும் ஒருவரே இரண்டையும் பார்க்கிறார். பிறந்த சிசுவுக்கு பச்சிளங்குழந்தை மருத்துவர் உண்டு. இவர்களுக்கு இணையான மதிப்பு, முறையாகப் பயிற்சி பெற்றுப் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுக்கும் வேண்டும்.

இதற்கு இலங்கையே சான்று. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு நாடெங்கும் விரிந்தபோது, மருத்துவமாதுக்கள் வீடு தேடிச் சென்று கர்ப்பிணிகளைக் கவனித்தனர். 1930களில் லட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ 2000 தாய்மார் இறந்தார்கள். 1990களில் அது நூற்றுக்கும் கீழே இறங்கியது. மலேரியா கட்டுப்பாடு, இலவச மருத்துவம், பெண் கல்வி ஆகியவைதானே காரணம் என்று கேட்கலாம். அவற்றுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் இலவச ஆஸ்பத்திரி இருந்தால் மட்டும் போதாது. ரத்த அழுத்தம் ஏறிய கர்ப்பிணி உரிய நேரத்தில் அங்கே போய்ச் சேரவேண்டும். ஆபத்தை முன்கூட்டியே கண்டு அவரை அனுப்பிவைப்பவர் மருத்துவமாதுதான். சிசேரியன் செய்ய டாக்டர் இல்லாமல் முடியாது என்பதும் உண்மையே. ஒருவருக்கு மற்றவர் மாற்று அல்ல. இருவரும் சேர்ந்தால்தான் தாயும் சேயும் நலமாக வீடு திரும்புவார்கள். மருத்துவமாதுக்களுக்குப் பயிற்சியும் பணியிடமும் தருவதில் எந்த அரசும் தயங்கக் கூடாது.