கோடைப் பயிற்சிக்குக் கூலி எங்கே?

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே இருக்கிறது பாரிவாக்கம். தந்தை பட்டறைக்கு, மகன் கல்லூரிக்கு என்று விடியும் வீடுகள் பல கொண்ட வட்டாரம். கோடை விடுமுறையில் கணினி நிறுவனத்தில் இரண்டு மாதம் பயிற்சி பெற மகனுக்கு ஆசை!

என்ன பயிற்சி? 'புராடக்ட் மேனேஜ்மென்ட்' என்கிறார்கள். மிரள வேண்டாம், தோழர்களே! ஒரு செயலியை யார் பயன்படுத்துவார், அவருக்கு எது இடைஞ்சல், எதை முதலில் செய்வது—மக்களைக் கேட்டறிந்து, பொறியாளரிடம் எடுத்துச் சொல்லும் வேலை அது. மக்களின் இடைஞ்சலை நன்கறிந்தவன் யார்? ரேஷன் கடை வரிசையிலும் பேருந்து நெரிசலிலும் வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளையன்றோ!

ஆனால் ஊதியம்? பல இடங்களில் வெறும் சான்றிதழ்! படியளக்காத பயிற்சியில், பேருந்துக் காசும் பகல் சோறும் வீட்டிலிருந்து பெறக்கூடியவனே சேருவான். மற்றவன் கோடையெல்லாம் கூலிக்குப் போவான். திறமையை வெல்கிறது பணப்பை!

1961-ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் பழகுநருக்கு உதவித்தொகை தரச் சொல்லிற்று. 2019-இல் வந்த விதிகள் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதென்றன. 2024-இல் மத்திய அரசு மாதம் 5,000 ரூபாயுடன் பயிற்சித் திட்டம் அறிவித்தது. முழுநேர மாணவருக்கு அப்போது அதில் இடம் தரப்படவில்லை! கோடையில் தானே தேடிச் சேரும் மாணவனுக்கு எந்தக் காப்பு?

முடியாத காரியமா? ஜோஹோ நிறுவனம் தன் பயிற்சிப் பள்ளியில் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் தருகிறதே!

நாம் சலுகை கேட்கவில்லை. வேலை வாங்கினால் கூலி கொடு என்கிறோம். பட்டறையில் நாம் வென்ற நீதி, கணினி அறைக்குள்ளும் நுழையட்டும்!