துறவிகள் கட்டிய வட்டக் கோவில்

லண்டன் நகரில் "பிளீட் தெரு" என்று ஒரு தெரு உண்டு. ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பெரிய பத்திரிகை ஆபீசுகள் எல்லாம் இந்தத் தெருவில்தான் இருந்தன.

அங்கிருந்து தேம்ஸ் நதிப் பக்கமாக ஒரு சந்து போகிறது. அதற்குள் நுழைந்தால் தெரு இரைச்சல் அடங்கிவிடும். உள்ளே பழைய கிறிஸ்தவ கோவில் ஒன்று இருக்கிறது. அதன் வயது 800 ஆண்டுகளுக்கு மேல்!

கோவிலின் முன்பகுதி வட்டமாக இருக்கும். ஏசுநாதரின் கல்லறை மீது ஜெருசலேமில் எழுப்பப்பட்ட கோவில் வட்டமானது. அதைப் பார்த்துக் கட்டியதால் இதுவும் வட்டம்.

கட்டியவர்கள் யார்? கையில் வாள் ஏந்திய துறவிகள்!

வெள்ளை அங்கி, சிவப்புச் சிலுவை

ஜெருசலேமுக்கு யாத்திரை போகிறவர்களைக் கொள்ளைக்காரர்கள் வழிமறித்துக் கொன்றுவந்தார்கள். யாத்திரிகர்களைக் காப்பாற்ற 1119-ம் ஆண்டு வாக்கில் பிரெஞ்சு வீரர் ஹியூ த பேயனும் அவருடைய தோழர்களும் ஒரு சங்கம் அமைத்தார்கள்.

கல்யாணம் செய்துகொள்வதில்லை, சொந்தமாகச் சொத்து வைத்துக்கொள்வதில்லை, தலைவர் சொல்லைத் தட்டுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். பழைய காலத்தில் சாலமன் மன்னரின் கோவில் இருந்ததாக நம்பப்பட்ட இடத்தில் தங்கினார்கள். கோவிலுக்கு இங்கிலீஷில் "டெம்பிள்" என்று பெயர். அதனால் இவர்கள் "டெம்ப்ளர்கள்" ஆனார்கள்.

துறவிக்குத்தான் சொத்து கிடையாது. சங்கத்துக்கோ மன்னர்களும் பிரபுக்களும் நிலத்தை வாரி வழங்கினார்கள்.

லண்டன் மடத்தின் கோவிலை 1185 பிப்ரவரி 10-ந் தேதி பிரதிஷ்டை செய்துவைத்தவர், ஜெருசலேமின் தலைமைக் குரு ஹெராக்ளியஸ்.

மன்னரின் பெட்டி மடத்தில்!

துறவி பொய் சொல்லமாட்டார். கையில் வாளும் இருக்கிறது. பணத்துக்கு இதைவிட நல்ல காவல் ஏது? மன்னர்களே தங்கள் பணத்தையும் நகைகளையும் இந்த மடத்தில் கொடுத்து வைத்தார்கள். ஓர் ஊரில் பணத்தைக் கட்டிவிட்டு வேறோர் ஊரில் வாங்கிக்கொள்ளவும் வசதி இருந்தது.

1263-ல் இளவரசர் எட்வர்டு, தாயாரின் நகைகளைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி உள்ளே வந்தார். பிறர் வைத்திருந்த பெட்டிகளை உடைத்துப் பணத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டார்!

மடத்தில் கட்டுப்பாடு கடுமை. கோவில் சுவருக்குள் ஒரு சின்ன அறை இன்றும் இருக்கிறது. 4½ அடி நீளம், 2½ அடி அகலம். காலை நீட்டிப் படுக்க முடியாது. விதியை மீறியவர்களை அதில் அடைத்தார்களாம்.

வெள்ளிக்கிழமை கைது

பிரெஞ்சு மன்னர் 4-ம் பிலிப் டெம்ப்ளர்களிடம் கடன் பட்டிருந்தார். அவர்களுடைய செல்வத்தின் மீது அவருக்கு ஒரு கண்.

1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை. பிரான்ஸ் முழுவதும் ஒரே நாளில் டெம்ப்ளர்கள் கைது செய்யப்பட்டார்கள். சிலுவை மீது துப்பினார்கள், விக்கிரகத்தை வணங்கினார்கள் என்று குற்றச்சாட்டு. சித்திரவதை தாங்காமல் பலர் "ஆமாம்" என்றார்கள்.

1308 ஜனவரியில் இங்கிலாந்திலும் கைது. ஆனால், அடித்து வாக்குமூலம் வாங்கும் வழக்கம் அந்த நாட்டுச் சட்டத்தில் இல்லை. எவ்வளவு விசாரித்தும் குற்றம் நிரூபணம் ஆகவில்லை. போப்பாண்டவர் வற்புறுத்தவே, சித்திரவதைக்கு மன்னர் 2-ம் எட்வர்டு இணங்கினார். அப்போதும் ஒரு சிலரே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வழி காட்டப்பட்டது. "எங்கள் மீதுள்ள பழியை எங்களால் துடைக்க முடியவில்லை" என்கிற மாதிரி சொன்னால் போதும், மன்னிப்பு உண்டு. மற்ற மடங்களுக்குப் போய் மீதிக் காலத்தைக் கழிக்கலாம். பெரும்பாலோர் அப்படியே சொல்லிவிட்டுப் போனார்கள். யாரைக் குறை சொல்வது? பலர் வயதானவர்கள்.

இங்கிலாந்து டெம்ப்ளர்களின் தலைவர் வில்லியம் டி லா மோர் மட்டும் மறுத்துவிட்டார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்றார். லண்டன் கோபுரச் சிறையிலேயே 1312-ல் இறந்தார்.

அதே ஆண்டில் போப்பாண்டவர் 5-ம் கிளெமென்ட் சங்கத்தைக் கலைத்தார்.

வக்கீல்கள் வந்தார்கள்

மடத்தில் பிறகு வாடகைக்கு வந்தவர்கள், வக்கீல்கள்! 1608-ல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் அந்த இடத்தை இரண்டு வக்கீல் சங்கங்களுக்கே கொடுத்தார். கோவிலைப் பராமரிக்கவேண்டும் என்பது நிபந்தனை.

அந்தச் சங்கங்களில் ஒன்றான "இன்னர் டெம்பி"ளில்தான் காந்திஜி சேர்ந்து படித்து, 1891-ல் பாரிஸ்டர் ஆனார். இந்தியாவில் சிறைத் தண்டனை பெற்றதால் 1922-ல் அவர் பெயரை அடித்தார்கள். 1988-ல் திரும்பச் சேர்த்தார்கள்.

1941 மே 10-ந் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் தீக்குண்டு வீசின. கோவில் கூரை எரிந்து விழுந்தது. பளிங்குத் தூண்கள் வெப்பத்தில் வெடித்தன. தரையில் படுத்த கோலத்தில் இருந்த வீரர்களின் கற்சிலைகளும் சேதம் அடைந்தன.

பழைய தூண்கள் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தனவாம். புதுத் தூண்களையும் அதே சாய்வில் நிறுத்தினார்கள்! 1958-ல் வட்டக் கோவில் மறுபடியும் திறக்கப்பட்டது.

பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் மரவேலைத் தடுப்பு மட்டும் 17-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1840-களில் அது வேண்டாம் என்று கழற்றிவிட்டார்கள். கைமாறி, வடக்கே ஒரு மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால் நெருப்புக்குத் தப்பியது. போருக்குப் பிறகு, பழைய இடத்துக்கே அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள்.