ஜார்ஜ் பெய்லி பிறக்காமலே போயிருந்தால்?

1943 கிறிஸ்துமஸுக்கு ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் நண்பர்களுக்கு வாழ்த்து அட்டைக்குப் பதிலாக ஒரு சிறுகதையை அனுப்பினார். பத்திரிகைகள் எல்லாம் திருப்பி அனுப்பிய கதை அது. சொந்தக் காசில் 200 பிரதிகள் அச்சடித்து உறையில் போட்டுவிட்டார். பாலத்தின் மேல் நின்றுகொண்டு, நான் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று நொந்துகொள்கிறான் ஒருவன். அந்த விருப்பம் அப்படியே பலித்துவிடுகிறது. இவ்வளவுதான் கதை.

அது எப்படியோ ஹாலிவுட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ 10,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கியது. திரைக்கதை சரிவராமல் கிடப்பில் கிடந்த கதை, கடைசியில் இயக்குநர் ஃபிராங்க் கேப்ராவின் கைக்கு வந்தது. 1946 டிசம்பரில் ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ என்ற பெயரில் படம் வெளியானது. எண்பது ஆண்டுகள் நெருங்குகிற இந்தக் காலத்திலும் டிசம்பர் வந்தால் அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்கள் அதைப் பார்க்கின்றன. மனதுக்குத் தெம்பு தரும் அமெரிக்கப் படங்களின் பட்டியலை அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2006-ல் வெளியிட்டபோது, முதல் இடம் இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்குத்தான்.

குழந்தைகள், பனி, கிறிஸ்துமஸ் மரம், தேவதூதன் என்றெல்லாம் கேள்விப்படுகிறவர்கள் இதை ஒரு தித்திப்பான குடும்பப் படம் என்றே நினைத்துக்கொள்வார்கள். உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், இது எவ்வளவு இருண்ட படம் என்று. அந்த இருட்டுதான் ரசிகர்களை எழுபது, எண்பது ஆண்டுகளாகப் பிடித்து வைத்திருக்கிறது.

கதாநாயகன் ஜார்ஜ் பெய்லிக்கு உலகத்தைச் சுற்ற ஆசை. பாலங்கள் கட்ட வேண்டும், பெரிய பெரிய கட்டடங்கள் எழுப்ப வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. ஊரைவிட்டுக் கிளம்பும் நேரத்தில் அப்பா இறந்துபோகிறார். ஏழை பாழைகளுக்கு வீடு கட்டக் கடன் கொடுக்கும் அப்பாவின் சின்னச் சங்கம் இவன் தலையில் விழுகிறது. இவன் படிப்புக்கு வைத்திருந்த பணத்தில் தம்பி கல்லூரிக்குப் போகிறான். கல்யாணம் முடிந்து தேனிலவுக்குக் கிளம்பும் நாளில், போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டு மக்கள் சங்கத்தின் வாசலில் முண்டியடிக்கிறார்கள். உங்கள் பணம் இங்கே பெட்டிக்குள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரின் வீடாக நிற்கிறது என்று அவர்களுக்கு விளக்கிச் சொல்லி, தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை எடுத்துப் பங்கு போட்டுக் கொடுக்கிறான். சிறுவயதில் பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்த தம்பியைக் காப்பாற்றியதில் ஒரு காது கேட்காமல் போனவன். அதனால் ராணுவத்திலும் எடுக்கவில்லை. தம்பியோ போர் விமானியாகிப் பதக்கம் வாங்குகிறான்.

இதற்குமேல் ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், வங்கியில் கட்ட வேண்டிய சங்கப் பணம் 8,000 டாலரைச் சித்தப்பா தவறவிடுகிறார். அது ஊரின் பெரும்பணக்காரர் பாட்டரின் கையில் சிக்குகிறது. அவர் வாய் திறப்பதில்லை. சிறை நிச்சயம் என்ற நிலையில் அதே பாட்டரிடம் போய்க் கெஞ்சுகிறான் ஜார்ஜ். அடமானம் வைக்க அவனிடம் இருப்பது ஓர் ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் மட்டும். உயிரோடு இருப்பதைவிடச் செத்தால்தான் உனக்கு மதிப்பு அதிகம் என்கிறார் பாட்டர். வீட்டுக்கு வந்து பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறான். மேசையை எட்டி உதைக்கிறான். பனி கொட்டும் இரவில் பாலத்துக்குப் போகிறான்.

அங்கே கிளாரன்ஸ் என்ற தேவதூதர் முந்திக்கொண்டு ஆற்றில் குதிக்கிறார். அவரைக் காப்பாற்ற இவனும் குதிக்கிறான். பிறகு அவன் பிறக்காத உலகத்தை அவர் காட்டுகிறார். தம்பி ஒன்பது வயதிலேயே நீரில் மூழ்கிச் செத்திருக்கிறான். அதனால் அவன் போரில் காப்பாற்றிய வீரர்களும் பிழைக்கவில்லை. துக்கத்தில் மருந்துக்குப் பதிலாக விஷத்தை வைத்துவிட்ட மருந்துக்கடைக்காரரைத் தடுக்கச் சிறுவன் ஜார்ஜ் இல்லை. அவர் சிறைக்குப் போய் நொடித்துப்போனவராகத் திரிகிறார். ஊரே பாட்டரின் பெயரில் இருக்கிறது. மறுபடி வாழ வேண்டும் என்று கதறி ஜார்ஜ் வீட்டுக்கு ஓடி வந்தால், ஊர் மொத்தமும் கூடி மேசை மேல் சில்லறையும் நோட்டுமாகக் கொட்டுகிறது.

இரண்டு மணி பத்து நிமிடப் படத்தில் அந்தச் சந்தோஷம் கடைசிச் சில நிமிடங்கள்தான். மற்றதெல்லாம் ஒரு நல்ல மனிதன் விரும்பியதை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து, அந்தக் கசப்பை யாருக்கும் காட்டாமல் விழுங்கி, ஒருநாள் முடியாமல் உடைந்துபோகும் கதை. குடும்பத்துக்காகத் தன் ஆசையைப் பூட்டி வைத்த யாருக்கும் இந்த மனிதனைத் தெரியும். ரசிகர்கள் அழுவது முடிவைப் பார்த்து மட்டுமல்ல. தம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை இந்தப் படம் சொல்லிவிட்டதே என்றும் அழுகிறார்கள்.

அந்த வலி திரையில் வந்ததற்கு ஒரு காரணம் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். போருக்கு முன்பே ஆஸ்கர் வாங்கிய நட்சத்திரம் அவர். 1941-ல் ராணுவத்தில் சேர்ந்து, பி-24 குண்டுவீச்சு விமானங்களை ஓட்டி, ஐரோப்பா மேல் 20 தாக்குதல்களில் பறந்தார். 1945-ல் திரும்பியபோது முகத்தில் வயது ஏறியிருந்தது. இனிமேல் நடிப்பா என்ற குழப்பமும் இருந்தது. போருக்குப் பிறகு அவர் நடித்த முதல் படம் இதுதான். மதுக்கடையில் உட்கார்ந்து ஜார்ஜ் கடவுளிடம் வேண்டும் காட்சியில் அழுகை எழுதப்படவில்லை. ஸ்டூவர்ட் தானாக உடைந்துபோனார். அதே கண்ணீரை இன்னொரு முறை கேட்க முடியாது. கேமரா கொஞ்சம் தள்ளி இருந்ததால், எடுத்த காட்சியையே கேப்ரா பிற்பாடு ஆய்வகத்தில் பெரிதாக்கி அண்மைக் காட்சியாக்கினார். உற்றுப் பார்த்தால் அந்த இடத்தில் பிம்பம் சற்றே சொரசொரப்பாக இருக்கும். தொழில்நுட்பக் குறை என்று சொல்லலாம். எனக்கு அந்தச் சொரசொரப்பே படத்தின் உயிர்நாடி.

படப்பிடிப்பு நடந்தது 1946 கோடையில், கொளுத்தும் வெயிலில், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் எழுப்பிய செயற்கை ஊரில். அதுவரை ஹாலிவுட்டில் பனிக்கு வெள்ளையடித்த கார்ன்ஃபிளேக்ஸைத் தூவுவார்கள். காலடியில் மொறுமொறுக்கும், வசனத்தைப் பிறகு தனியாகப் பதிய வேண்டும். இந்தப் படத்துக்காகத் தீயணைப்பு நுரையையும் சோப்பையும் தண்ணீரையும் கலந்து சத்தமில்லாத பனி தயாரித்தார்கள். சிறந்த படம், இயக்குநர், நடிகர் என்று ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் இருந்தும் எதுவும் கிடைக்கவில்லை. பனிக்கு மட்டும் ஒரு தொழில்நுட்ப விருது கிடைத்தது.

வசூலும் கைவிட்டது. ஆர்.கே.ஓ. கணக்கில் 5,25,000 டாலர் நஷ்டம். கேப்ரா நண்பர்களோடு தொடங்கிய லிபர்ட்டி ஃபிலிம்ஸ் நிறுவனம் அடுத்த ஆண்டே பாரமவுண்டுக்கு விற்கப்பட்டது. போர் முடிந்து வீடு திரும்பியிருந்த ஜனங்களுக்கு அந்த நேரத்தில் இவ்வளவு கனமான கிறிஸ்துமஸ் வேண்டியிருக்கவில்லை போலும். வங்கி முதலாளியை வில்லனாகக் காட்டியது கம்யூனிஸ்ட் பிரசாரமோ என்று எஃப்.பி.ஐ. கோப்பு ஒன்றில் 1947-ல் குறித்துவைத்தார்கள் என்பதும் இந்தப் படத்தின் வரலாற்றில் ஒரு பக்கம்.

அதை மீட்டது ஓர் அலுவலக மறதி. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை 28 ஆண்டுகளுக்கு. தொடர வேண்டுமானால் புதுப்பிக்க வேண்டும். 1974-ல் யாரும் புதுப்பிக்கவில்லை. படத்துக்குக் காசு கேட்க ஆள் இல்லை என்று தெரிந்ததும், டிசம்பர் முழுக்க நேரத்தை நிரப்பத் தவித்த உள்ளூர்த் தொலைக்காட்சிகள் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டின. காலையில் ஒரு சேனலில், இரவில் இன்னொன்றில். 1993-ல் ரிபப்ளிக் பிக்சர்ஸ் நிறுவனம் மூலக்கதை, இசை ஆகியவற்றின் உரிமையைக் காட்டிப் படத்தைத் திரும்பப் பிடிக்கும்வரை இப்படித்தான் நடந்தது. அதற்குப் பிறகு என்.பி.சி. தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் வருகிறது.

திரையரங்கில் ஒருமுறை பார்த்து மறக்க வேண்டிய படம் இப்படி வீட்டுக்குள் வந்துவிட்டது. அம்மா சமைத்துக்கொண்டிருக்க, அப்பா பாதி தூக்கத்தில் இருக்க, பிள்ளைகள் தரையில் படுத்துக்கொண்டு பார்த்த படம். பத்து வயதில் பார்த்தவனுக்குத் தேவதூதர்தான் பெரிது. முப்பது வயதில் அவன் கண்ணில் படுவது மாடிப்படிக் கைப்பிடியின் கழன்ற குமிழ். ஜார்ஜ் ஏறும்போதெல்லாம் அது கையோடு வந்துவிடும். சரிசெய்யக் காசும் இல்லை, நேரமும் இல்லை. உடைந்துபோன இரவில் அதைத் தூக்கி எறியப் போவான். திரும்பி வந்தபின் அதே குமிழை முத்தமிடுவான். ஐம்பதில் பார்க்கிறவருக்கு, கூடவே உட்கார்ந்து பார்த்த அப்பா இப்போது இல்லை. ஒரே காட்சிதான், பார்ப்பவருக்கு ஆண்டுகள் கூடிக்கொண்டே போகின்றன. புகழ்பெற்ற பல படங்களுக்கு இந்த வாய்ப்பு அமைவதில்லை.

படத்தின் கற்பனையை உளவியலாளர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மின்கியுங் கூ, சாரா ஆல்கோ, டிமத்தி வில்சன், டேனியல் கில்பர்ட் ஆகியோர் 2008-ல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின் தலைப்பே படத்தின் பெயரில்தான் தொடங்குகிறது. வாழ்வில் நடந்த ஒரு நல்ல விஷயம் எப்படி நடந்தது என்று சிலரை எழுதச் சொன்னார்கள். அது எப்படியெல்லாம் நடக்காமலே போயிருக்கக்கூடும் என்று வேறு சிலரை எழுதச் சொன்னார்கள். இரண்டாவது கூட்டத்தாரின் மனநிலைதான் கூடுதலாக மேம்பட்டது. துணையைச் சந்திக்காமலே போயிருந்தால் என்று எழுதியவர்களுக்குத் தங்கள் உறவின் மேல் திருப்தி கூடியது. முன்கூட்டிக் கேட்டபோது மக்கள் நேர் எதிராகத்தான் கணித்தார்கள். பழகிப்போன நன்மை கண்ணில் படுவதில்லை. அதை ஒரு கணம் கழித்துப் பார்த்தால் மறுபடி புதிதாகிறது. பாலத்தில் ஜார்ஜுக்கு கிளாரன்ஸ் செய்தது இந்தக் கழித்தலைத்தான். படம் பார்க்கிறவரும் தன்னையறியாமல் தன் கணக்கைப் போட ஆரம்பித்துவிடுகிறார்.

ரசிகர்களுக்கு ஒரு குறையும் உண்டு. பாட்டர் அந்த 8,000 டாலரைத் திருப்பித் தருவதே இல்லை, தண்டனையும் அனுபவிப்பதில்லை. குற்றம் செய்தவன் தண்டிக்கப்பட்டே ஆக வேண்டும் என்று ஹாலிவுட்டின் தணிக்கை விதி வற்புறுத்திய காலம் அது. இதைக் கேட்டு கேப்ராவுக்குக் கடிதங்கள் வந்தபடி இருந்தன. அவர் அப்படி விட்டதுதான் சரி. கஷ்டத்தில் இருக்கும் ஒருவருக்கு, கெட்டவன் அழிவான் என்ற வாக்குறுதி அன்றைக்கு உதவாது. தன்னோடு நிற்க நாலு பேர் இருக்கிறார்கள் என்பதுதான் உதவும். படம் அதை மட்டும் சொல்கிறது. அதனால்தான் அதை நம்ப முடிகிறது.

ஜார்ஜின் இளைய மகள் சூசூவாக நடித்த கேரலின் கிரைம்ஸின் வாழ்க்கையைப் படிக்கும்போது இது இன்னும் விளங்கும். மணி ஒலித்தால் ஒரு தேவதூதருக்குச் சிறகு கிடைக்கிறது என்று அப்பாவின் தோளில் இருந்தபடி சொல்லும் குழந்தை. படப்பிடிப்பின்போது அவருக்கு ஆறு வயது. பதினான்கு வயதில் அம்மா போனார். அடுத்த ஆண்டு அப்பா கார் விபத்தில் இறந்தார். ஹாலிவுட்டிலிருந்து மிசௌரி மாநிலத்தின் ஒரு சிற்றூருக்கு, உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மருத்துவ ஆய்வகத்தில் வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று சினிமா மறந்தே போயிற்று. நாற்பது வயதுவரை அந்தப் படத்தை அவர் முழுதாகப் பார்த்ததே இல்லை. தொலைக்காட்சியால் படம் பிரபலமாகி, நீங்கள்தானே சூசூ என்று ஆட்கள் தேடி வந்த பிறகுதான் உட்கார்ந்து பார்த்தார். 1989-ல் அவருடைய 18 வயது மகன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். 1994-ல் கணவரைப் புற்றுநோய் கொண்டுபோனது.

அதற்குப் பிறகும் அவர் ஊர் ஊராகப் போய் ரசிகர்களைச் சந்தித்தார். சாகத் துணிந்த ஓர் இரவில் இந்தப் படம் தடுத்தது என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது அவருக்கு நடிகையாக மட்டும் புரிகிற விஷயம் அல்ல. ஒரு படம் எல்லாரையும் காப்பாற்றும் என்று யாரும் சொல்ல முடியாது, அதை அவரைவிட அறிந்தவர் இல்லை. இருந்தும் ஒவ்வொருவர் பேச்சையும் நின்று கேட்கிறார்.

அவர் தவறாமல் போகும் இடம் நியூயார்க் மாநிலத்தின் செனெகா ஃபால்ஸ். தங்கள் ஊர்தான் படத்தில் வரும் பெட்ஃபோர்டு ஃபால்ஸுக்கு மாதிரி என்பது அந்த ஊர்க்காரர்களின் உறுதியான நம்பிக்கை. கேப்ரா 1945-ல் அந்த வழியாகப் போனபோது தான்தான் முடிவெட்டினேன் என்று உள்ளூர் முடிதிருத்துநர் ஒருவர் சொல்லிவந்தார். ஆவணச் சான்று எதுவும் கிடையாது. ஆனால் ஊரின் இரும்புப் பாலத்துக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது. 1917 ஏப்ரலில் கால்வாயில் குதித்த ஒரு பெண்ணைக் காப்பாற்ற அன்டோனியோ வரகாலி என்ற இத்தாலியக் குடியேறி இளைஞர் நீரில் பாய்ந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. பெண் பிழைத்தார், அவர் மூழ்கிப்போனார். இத்தாலியிலிருந்து தன் குடும்பத்தை வரவழைக்க அவர் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்ததும், அந்தக் காரியத்தை முடிக்க ஊரார் நிதி திரட்டினார்கள். அவர் பெயர் பொறித்த பலகை பாலத்தில் இருக்கிறது.

2010-ல் பழைய திரையரங்கு ஒன்றில் படத்துக்கென்றே அங்கே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஆண்டுதோறும் டிசம்பரில் விழா நடக்கிறது. பாலத்துக் கம்பிகளில் வந்தவர்கள் சின்னச் சின்ன மணிகளைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். படத்தில் ஜார்ஜின் மனைவியாக நடித்த டோனா ரீட் 1986-ல் காலமானார். அவருடைய மகள் மேரி ஓவன் இப்போது திரையிடல்களுக்குப் போய்ப் படத்தை அறிமுகம் செய்து பேசுகிறார். முன்வரிசையில் பெரும்பாலும் தாத்தா பாட்டிகள், அவர்கள் பக்கத்தில் முதன்முறையாகப் படம் பார்க்க வந்த பேரப்பிள்ளைகள்.