மும்பை மழையிலிருந்து ஆஸ்திரேலியப் பனிமலைக்கு: ஒரு சீசன் வேலை பார்த்துக்கொண்டே ஸ்கீயிங் போக முடியுமா?

கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் அதே ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்கள்தான் ஆஸ்திரேலியாவில் பனிச்சறுக்கு சீசன். அந்த நாலு மாதம் ஒரு மலை ரிசார்ட்டில் வேலை பார்த்துக்கொண்டு, லீவு நாளில் ஸ்கீ போடுவது ஐரோப்பிய, ஜப்பானிய இளைஞர்களுக்குப் பல வருடப் பழக்கம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கதவு 2024-ல்தான் திறந்தது. அதுவும் பாதிதான்.

இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. "டிகிரி போதும், தங்குமிடம் ஃப்ரீ, மாசம் 3 லட்சம்" என்று விளம்பரமும் கூடவே வருகிறது. இதில் எது உண்மை, எவ்வளவு செலவு, யாருக்கு இது சரிவரும்?

ஆல்ப்ஸ், கனடா எல்லாம் இல்லையா?

பனிச்சறுக்கு என்றாலே நமக்கு ஞாபகம் வருவது சுவிட்சர்லாந்து. அங்கே உணவக சமையலறைகளில் தமிழ் கேட்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்கள் 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன ஈழத்தமிழர்களும் அவர்களின் பிள்ளைகளும். சீசன் வேலைக்குப் போனவர்கள் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு சுவிஸ் தருவது திறன் சார்ந்த, எண்ணிக்கை குறைந்த அனுமதி மட்டுமே. தட்டு கழுவும் வேலைக்கு அது கிடைக்காது.

கனடாவின் விஸ்லர், ஜப்பானின் நிசேகோ இரண்டும் ஒர்க்கிங் ஹாலிடே விசாக்காரர்களால் ஓடும் ஊர்கள். இரண்டு நாடுகளின் ஒர்க்கிங் ஹாலிடே பட்டியலிலும் இந்தியா இல்லை. அமெரிக்க ரிசார்ட்களில் குளிர்காலத்தில் ஜே-1 விசாவில் வேலை பார்ப்பவர்களில் பலர் பெரு, அர்ஜென்டினா மாணவர்கள். அவர்களுக்கு அது கோடை விடுமுறை, காலண்டர் பொருந்துகிறது. நம்மூர் ஹோட்டல் மேனேஜ்மென்ட் பட்டதாரிகளுக்கு அதே ஜே-1-ல் 12 மாதம் வரையிலான டிரெய்னி வழி இருக்கிறது, அது வேறு கதை. இத்தாலி ஆண்டுதோறும் சீசன் தொழிலாளர்களை எடுக்கும் ஒதுக்கீட்டில் இந்தியா உண்டு. ஆனால் அங்கே விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டியது முதலாளி. உங்களை நேரில் பார்க்காத ஒரு டோலோமைட்ஸ் ஹோட்டல்காரர் அந்த அலைச்சலை ஏற்க வேண்டும்.

பிரிட்டன் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 3,000 இளம் தொழில்முறையாளர் விசா தருகிறது. இரண்டு வருடம் இருக்கலாம், நல்ல திட்டம். ஆனால் அந்த விசாவை வைத்துக்கொண்டு பிரான்ஸ் ஆல்ப்ஸில் வேலை பார்க்க முடியாது. 2025 டிசம்பரில் பேச்சுவார்த்தை முடிந்ததாக அறிவிக்கப்பட்ட இந்தியா-நியூசிலாந்து வர்த்தக ஒப்பந்தத்திலும் ஆண்டுக்கு 1,000 ஒர்க்கிங் ஹாலிடே இடங்கள் இருக்கின்றன. குவீன்ஸ்டவுனைச் சுற்றி ஸ்கீ மலைகள் நிறைய, அதனால் அதன் மேல் ஒரு கண் வைக்கலாம்.

ஆக, இப்போதைக்கு நடைமுறையில் இருப்பது ஆஸ்திரேலியா.

குலுக்கல் எப்படி நடக்கிறது?

2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தின் ஒரு பகுதி இது. விசாவின் பெயர் ஒர்க் அண்ட் ஹாலிடே, எண் 462. ஆண்டுக்கு 1,000 பேர். முதல் பதிவு 2024 அக்டோபர் 1-ல் தொடங்கியது. முதல் இரண்டு வாரத்திலேயே சுமார் 40,000 பேர் பதிவு செய்துவிட்டதாக ஆஸ்திரேலிய அரசு சொன்னது. அதாவது 40 பேரில் ஒருவர் என்ற கணக்கைவிடவும் வாய்ப்பு குறைவு.

பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். பாஸ்போர்ட், பான் கார்டு இரண்டும் வேண்டும். இந்தக் கட்டத்தில் மார்க், அனுபவம், சம்பளம் எதுவும் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் யாரை எடுக்கிறதோ அவர்களுக்கு அழைப்பு. வந்த பிறகு 28 நாளுக்குள் முழு விண்ணப்பம் போட வேண்டும். அப்போதுதான் மற்றதெல்லாம்: வயது 18 முதல் 30 வரை (31-வது பிறந்தநாளைத் தாண்டியிருக்கக் கூடாது), டிகிரி அல்லது இளங்கலையில் இரண்டு வருடம் முடித்த சான்று, ஆங்கில வழியில் படித்ததற்கான ஆதாரம் அல்லது ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வு, வங்கியில் சுமார் 5,000 டாலர், கூடவே திரும்பி வர டிக்கெட் காசு.

ஒரு டாலரை 58 ரூபாய் என்று வைத்தால் 5,000 டாலர் என்பது 2.9 லட்சம் ரூபாய். இங்கேதான் குலுக்கலின் சமத்துவம் முடிகிறது. சீட்டு எடுக்க 1,450 ரூபாய் போதும், அதை தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் இருப்பவரும் செம்பூரில் சொந்த ஃபிளாட் இருப்பவரும் ஒரே மாதிரி கட்டலாம். அழைப்பு வந்த 28 நாளில் 2.9 லட்சத்தைக் கணக்கில் காட்டுவது அப்படி இல்லை. கடன் வாங்கி இந்தத் தொகையைக் காட்டப் போகிறீர்கள் என்றால், கீழே வரும் கணக்கை இரண்டு தடவை படியுங்கள்.

விசா கிடைத்தால் 12 மாதத்துக்குள் உள்ளே போக வேண்டும். முதல் நுழைவிலிருந்து 12 மாதம் தங்கலாம். ஒரே முதலாளியிடம் பொதுவாக 6 மாதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஸ்கீ சீசனுக்கு அது தாராளம். மனைவி, கணவர், குழந்தையைச் சேர்த்து அழைத்துப் போக முடியாது.

மலையில் என்ன வேலை?

நியூ சவுத் வேல்ஸில் திரெட்போ, பெரிஷர். விக்டோரியாவில் ஃபால்ஸ் கிரீக், ஹாதம், புல்லர். ஆட்கள் எடுப்பதை சீசனுக்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிடுவார்கள். ஜூனில் போய் இறங்கி வேலை தேடுவது லேட். லிஃப்டை இயக்கி ஆட்களை ஏற்றிவிடுவது, அறை சுத்தம் செய்வது, கிச்சனில் காய் நறுக்குவது, வாடகைக் கடையில் பூட்ஸ் மாட்டிவிடுவது என்று போகும் வேலைகள். பாரில் மது பரிமாற அதற்கென்று ஒரு சான்றிதழ் எடுக்க வேண்டும். ஸ்கீ பயிற்சியாளர் வேலைக்குத் தனிப் பயிற்சியும் சான்றிதழும் தேவை, முதல் முறை போகிறவர்களுக்கு அது இல்லை.

பிகேசியில் டீம் லீடாக இருப்பவர் அங்கே காலை 6 மணிக்கு லிஃப்ட் வாசலில் பனியை மண்வெட்டியால் தள்ளிக்கொண்டிருப்பார். இதைக் கேட்டு முகம் சுளித்தால் இந்தப் பயணம் வேண்டாம். சிரிப்பு வந்தால் மேலே படிக்கலாம்.

இன்னொன்று, உயரம். ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த சிகரமான கோசியஸ்கோ 2,228 மீட்டர். நம்ம ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர்! அங்கே பனி விழுவது பூமத்திய ரேகையிலிருந்து வெகு தூரத்தில் இருப்பதால். ஆனாலும் உயரம் குறைவு என்பதால் பனி நம்பகமானது இல்லை. மெஷின் வைத்துப் பனி தயாரிக்கிறார்கள், அதற்கும் குளிர் வேண்டும். 2024-ல் செப்டம்பரிலேயே பனி உருகி, சில மலைகள் சீசனை முன்கூட்டியே முடித்தன. பனி இல்லையென்றால் ஷிஃப்ட் இல்லை.

கையில் எவ்வளவு நிற்கும்?

2025 ஜூலை முதல் ஆஸ்திரேலியாவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர். சீசன் ஆட்களைப் பெரும்பாலும் கேஷுவலாக எடுப்பார்கள். லீவு, நோய் விடுப்பு இல்லாததற்கு ஈடாக 25% கூடுதல், ஆக மணிக்கு 31 டாலருக்குச் சற்று மேல். இந்த விசாக்காரர்களுக்கு முதல் 45,000 டாலர் வரை 15% வரி.

வாரம் 30 மணி நேரம் வேலை கிடைத்தால் வரி போக 795 டாலர். வாடகைக்கு 250, சாப்பாட்டுக்கு 120 என்று வைத்துக்கொள்வோம். மீதி 425. பதினைந்து வாரத்துக்கு சுமார் 6,400 டாலர், நம்ம காசில் 3.7 லட்சம். இதிலிருந்து விசா கட்டணம், விமான டிக்கெட், காப்பீடு, குளிர் உடை எல்லாம் போனால் ஒன்றரை லட்சம் கையில் நிற்கலாம்.

இப்போது பனி குறைந்து வேலை 20 மணி நேரமாகிவிட்டது என்று வையுங்கள். வாரம் 160 டாலர்தான் மிச்சம். பதினைந்து வாரத்துக்கு 1.4 லட்சம் ரூபாய். போன செலவுகூடத் தேறாது. "மாசம் 3 லட்சம்" என்ற விளம்பரம் வாடகையையும் வரியையும் வானிலையையும் மறந்துவிட்டுப் போடும் கணக்கு.

முதலாளி உங்கள் பெயரில் 12% ஓய்வூதிய நிதி போடுவார். நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகு அதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் 65% வரியாகப் போகும். நாலு மாதத்தில் திரும்பிவிட்டால் அந்த நிதியாண்டில் நீங்கள் இந்தியாவில் 182 நாளுக்கு மேல் இருந்திருப்பீர்கள். அப்போது அங்கே சம்பாதித்ததையும் இங்கே வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரிக்குக் கழிவு கேட்கலாம்.

விழுந்தால் யார் செலவு?

ஸ்கீயிங்கில் வழக்கமாக அடி வாங்குவது முழங்கால் தசைநார். ஆஸ்திரேலியாவின் அரசு மருத்துவத் திட்டமான மெடிகேர் இந்த விசாவில் இருக்கும் இந்தியர்களுக்குக் கிடையாது. வேலை நேரத்தில் அடிபட்டால் தொழிலாளர் இழப்பீடு உண்டு. லீவு நாளில் சறுக்கி விழுந்தால் உங்கள் காப்பீடுதான். சாதாரண டிராவல் இன்சூரன்ஸ் பலவற்றில் பனி விளையாட்டு விலக்கப்பட்டிருக்கும். பாலிசியில் அந்த ஒரு வரியைத் தேடிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். மொத்தச் செலவில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது.

"டூரிஸ்ட் விசாவுல போயிடலாம் சார், அங்க போய் மாத்திக்கலாம்"

மாற்ற முடியாது. டூரிஸ்ட் விசாவில் வேலை பார்ப்பது சட்டமீறல். பிடிபட்டால் விசா ரத்தாகும், அடுத்த நாட்டு விண்ணப்பத்திலும் அதைச் சொல்ல வேண்டிவரும். 462 குலுக்கலில் பெயர் கொடுக்க ஏஜென்ட் தேவையே இல்லை, யாராலும் அதில் முன்னுரிமை வாங்கித் தரவும் முடியாது. "ஸ்லாட் இருக்கு" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

இத்தாலி மாதிரி முதலாளி வழியாகப் போகும் வேலைக்கு ஏஜென்ட் வருகிறார் என்றால், அவர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ரசீதும் தர வேண்டும். லட்சக்கணக்கில் கேட்பவர் எந்தக் கணக்கில் கேட்கிறார் என்று அவரையே கேளுங்கள்.

பனியைத் தொட்டே பார்த்ததில்லையே?

மும்பை மால்களின் செயற்கைப் பனி அறையில் அரை மணி நேரம் நின்றது கணக்கில் வராது. குல்மர்க்கில் மத்திய சுற்றுலாத் துறையின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் குளிர்காலத்தில் பயிற்சி நடத்துகிறது. உத்தராகண்டின் அவுலியிலும் வகுப்புகள் உண்டு. ஒரு வாரமோ இரண்டு வாரமோ அங்கே விழுந்து எழுந்து பார்த்தால், நாலு மாதம் தாங்குமா என்று உடம்பே சொல்லிவிடும். ஆனால் 2024 ஜனவரியில் குல்மர்க்கே பனியில்லாமல் வறண்டு கிடந்தது. அதனால் டிக்கெட் போடும் முன் வானிலையைப் பாருங்கள்.

குலுக்கலில் பெயர் கொடுக்க நினைப்பவர்கள் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பாஸ்போர்ட்டையும் பான் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இனிஷியல் போடும் நம் வழக்கத்தால் ஒன்றில் அப்பா பெயர் பின்னால் விரிந்திருக்கும், இன்னொன்றில் ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கும். சிலருக்கு ஸ்பெல்லிங்கே வேறு. திருத்தி வாங்க வாரக்கணக்கில் ஆகும், பதிவு திறந்திருப்பதோ சில வாரங்கள்தான்.