துப்பறியும் கதையும் இளைஞர் குழாமும்

கிழக்கே வங்கக் கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியுமாக இரு நீர்ப்பரப்புகளுக்கு நடுவே கிடக்கும் பெரியகல்லாறு போன்ற ஊர்களில், புதிதாய் வந்த இளைஞன் ஒருவனை நோக்கி முதியோர் வினவுவது, அவன் யாருடைய மகன், எந்தக் குடியினன் என்பதே. தாய்வழியாக வரும் குடியின் பெயரைச் சொன்ன மாத்திரத்தே அவனுடைய உறவு முறைகள் அனைத்தும் கேட்டவர்க்குப் புலனாகிவிடும். துப்பறியும் கதை தோன்றிய இடமோ இவ்வினாவுக்கு விடை கிடையாத பெருநகரம். அயலவனை அயலவன் அறியாத தெருக்களிலேதான் அது பிறந்தது. கொலைஞனை எப்பொழுதும் புறத்தே தேடும் இயல்பும் அதனுடன் பிறந்ததே.

எட்கார் அலன் போ 1841 இல் எழுதிய, துப்பறியும் சிறுகதைகளுள் முதலாவதாகப் பலரும் கொள்ளும் கதையை நோக்குக. பாரிசு நகரில் தாயும் மகளும் கொலையுண்கின்றனர். ஈற்றில் வெளிப்படும் கொலையாளி மனிதனே அல்லன்; கப்பற்காரன் ஒருவனிடமிருந்து தப்பிய ஒராங்குட்டான் குரங்கு. புறத்தான் என்னும் கருத்தை இதனினும் தொலைவுக்குக் கொண்டு செல்லுதல் அரிது. தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு முதலியோர் இவ்வகையை வளர்த்தனர். ரங்கராஜுவின் கோவிந்தனுக்குப் பின் தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். இக்கதைகளிற் குற்றத்துக்கு ஏது பெரும்பாலும் சொத்தும் வஞ்சமும் ஆகும். ஒன்றாகப் படித்து, ஒன்றாகத் திரிந்து, தமக்கென ஒரு பேச்சும் ஒழுக்கமும் வகுத்துக்கொள்ளும் இளைஞர் குழாத்தினுள் கொலைகள் தொடர்ந்து நிகழக்கூடும் என்பதை அவை நினைத்தும் பார்க்கவில்லை. அதனை நினைக்குமாறு செய்தது கற்பனையன்று. அக்காலத்திற் பூனா எனப்பட்ட புனே நகரின் நிகழ்ச்சியாகும்.

அந்நகரத்து அபினவ கலா மகாவித்தியாலயத்தில் வர்த்தக ஓவியம் பயின்ற ராஜேந்திர ஜக்கல், திலீப் சுதார், சாந்தாராம் ஜகதாப், முனவர் ஹாருன் ஷா என்னும் நால்வரும் குடிக்கும் இருசக்கர வாகனத் திருட்டுக்கும் சக மாணவரிடையே பெயர் பெற்றவர்கள். ஆசிரியரும் பெற்றோரும் அதனை வயதின் குறும்பென்று கொண்டிருத்தல் கூடும்; குறும்பென்ற சொல் எத்துணையோ குற்றங்களுக்குப் போர்வையாயிற்று என்பது வேறு கதை. 1976 ஜனவரி 16 ஆம் நாள் தம் வகுப்புத் தோழன் ஒருவனை, கல்லூரியின் பின்புறத்தே உணவுச்சாலை நடத்தியவரின் மகனை, அவர்கள் கர்வே வீதியிலிருந்த தகரக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றனர். தான் வீட்டை விட்டுப் போவதாகத் தந்தைக்கு ஒரு கடிதத்தை அவன் கையாலேயே எழுதுவித்தனர். பின்னர் இரவில் நைலோன் கயிற்றினாற் கழுத்தை இறுக்கி, இரும்புப் பீப்பாய் ஒன்றில் உடலைக் கற்களுடன் அடைத்துப் பேஷ்வே பூங்காவின் குளத்தில் அமிழ்த்தினர்.

இவ்விடத்தில் அக்கடிதத்தைச் சிறிது சிந்தித்தல் வேண்டும். கொலைஞர் ஓர் உடலை மாத்திரம் மறைக்கவில்லை. முதியோர் நம்புதற்கு எளிதான ஒரு கதையையும் எழுதி வைத்தனர். இளைஞன் ஒருவன் சொல்லாமற் போய்விட்டான் எனின், எந்த ஊரும் அதனை நம்பிவிடும். அவன் யாருடன் திரிந்தான், யாரை அஞ்சினான் என்பவை வீட்டார்க்குத் தெரியாதிருந்தால் அந்நம்பிக்கை இன்னும் எளிதாகும்.

அதன்பின் அவர்கள் அறிமுகமற்ற வீடுகளை நாடினர். அவ்வாண்டு அக்டோபர் 31 இல் ஜோஷி குடும்பத்தார் மூவரும், டிசம்பர் 1 இல் வடமொழிப் புலமையாற் பெயர் பெற்ற முதியவர் அப்யங்கரின் இல்லத்தில் ஐவரும் கொலையுண்டனர். வழக்கு இவ்விரு குடும்பங்களின் பெயராலேயே வழங்குகிறது. மாலையானதும் தெருக்கள் வெறிச்சோடின; கதவுகள் தாழிடப்பட்டன. இந்தியாவில் நெருக்கடி நிலை நிலவிய காலம் அது. அரசின் கடுங்கண் எங்கும் விழித்திருப்பதாகச் சொல்லப்பட்ட அந்நாட்களில், நான்கு மாணவர் வகுப்புக்குப் போவதும் வருவதுமாக இருந்தனர். நெருக்கடி நிலை நீங்கிய இரண்டாம் நாளாகிய 1977 மார்ச் 23 இல் பத்தாவது கொலை நடந்தது. இறந்தவன் மற்றொரு வகுப்புத் தோழனின் தம்பி. வண்டியில் ஏற்றிச் செல்வதாக ஜக்கல் அழைத்ததை நம்பி ஏறியவன். கற்களுடன் ஓர் ஏணியிற் கட்டப்பட்ட அவனுடல் மறுநாளே ஆற்றில் மிதந்தது.

முதலுயிரும் ஈற்றுயிரும் தம் குழாத்தைச் சூழ்ந்தவை. இடைப்பட்டவை மாத்திரமே புறத்தன. நகரம் முழுவதும் புறத்தானை அஞ்சிக் கதவடைத்திருக்க, பழகிய முகத்தை நம்பி வண்டியேறியவன் இறந்தான். நைலோன் கயிறு முன்னைய கொலைகளை நினைவூட்டப் பொலிசார் மாணவரை விசாரித்தனர். (சுஜாதா 1968 இல் குமுதத்தில் எழுதிய முதல் நாவலின் பெயரும் ‘நைலான் கயிறு’ என்பதே, பெயரொற்றுமையன்றி வேறு தொடர்பு இதற்கில்லை.) ஆயின் முடிச்சை அவிழ்த்தது கயிறு அன்று. தோழன் ஒருவன் விசாரணையில் மனமுடைந்து, ஓராண்டுக்கு முன் நிகழ்ந்த முதற்கொலையை வெளிப்படுத்தினான். வீட்டை விட்டு ஓடினான் என்று கருதப்பட்டவன் குளத்தின் அடியிலிருந்து எடுக்கப்பட்டான். குழுவோடு உடனிருந்த இன்னொரு மாணவன் மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானான்.

இத்தகைய பொருளைக் கதையாக்க முயலும் ஆசிரியனுக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. ஷெர்லொக் ஹோம்சின் உருப்பெருக்குக் கண்ணாடிக்கு இங்கு அகப்படுவது சிறிதே. உண்மை காலடிச் சுவட்டில் இல்லை. பலர் நாவில் அடங்கிக் கிடக்கிறது. துப்பறிவோன் ஆராய வேண்டியது தடயத்தையன்று, மௌனத்தை. காட்டிக்கொடுப்பவன் கோழை என்னும் தோழமை விதி எப்பொழுது தோழமையையே கொல்லத் தொடங்குகிறது என்பதை அவன் அறிதல் வேண்டும். அதற்கு அக்குழாத்தின் பேச்சு, பட்டப்பெயர், பெருமை, அச்சம் ஆகியவற்றைக் கற்றாக வேண்டும். ஆகவே இவ்வகைக் கதையிற் சிறந்த காட்சி துரத்தலன்று. ஒரு மேசையும் இரு நாற்காலிகளுமாக அமைந்த விசாரணையே.

புனே வழக்கைத் தழுவிய படங்கள் இதனை வெவ்வேறு அளவில் உணர்ந்தன. அனுராக் காஷ்யப்பின் ‘பாஞ்ச்’ என்னும் இந்திப்படம் மாணவரை ரொக் இசைக்குழுவினராக மாற்றி, போலிக் கடத்தல் ஒன்று கொலையில் முடிவதைச் சித்திரித்தது. தணிக்கையாளரின் ஆட்சேபத்தால் அது பல்லாண்டு திரையரங்கு காணாதிருந்தது. இசைக்குழுவின் ஆரவாரம் கவர்ச்சியூட்டுவதாயினும், உண்மை நிகழ்ச்சியின் அச்சம் அதில் ஓரளவு குறைந்தே போகிறது. தகரக் கொட்டகையும் வகுப்பறை வாங்குமே அதனினும் நடுக்கந் தருவன. 1986 இல் வந்த மராத்திப் படமோ கொலைஞர் பெயரையோ இறந்தோர் பெயரையோ சூட்டிக்கொள்ளவில்லை. அதன் பெயர் ‘மாஃபீச்சா சாட்சீதார்’. மன்னிப்புப் பெற்ற சாட்சி என்பது பொருள்.

நால்வருக்கும் 1978 செப்டெம்பரில் மரணதண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடுகள் தள்ளப்பட்ட பின் 1983 நவம்பர் 27 ஆம் நாள் எரவாடாச் சிறையில் அது நிறைவேற்றப்பட்டது. முனவர் ஷா சிறையிலிருந்து தன் வரலாற்றை எழுதினான். குற்றத்தை ஏற்பதாகவே அந்நூலுக்குப் பெயரிட்டான்.