பக்கத்து வீட்டு மாத்திரை

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு முகப்பரு மாறிவிட்டது. அவள் சாப்பிட்ட மாத்திரையின் அட்டையைக் கடையில் காட்டி நாமும் வாங்கலாமா? வேண்டாம்.

பரு கொஞ்சம் என்றால் பூசும் மருந்தே போதும். சீழ் வைத்து, வலித்து, முதுகிலும் பரவினால் டாக்டர் டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதுவார். பூசும் மருந்தும் சேர்த்துத் தருவார். ஒரு வாரத்தில் முகம் தெளியாது. 6 முதல் 8 வாரம் ஆகும்.

டாக்சிசைக்ளினை நிறையத் தண்ணீருடன் விழுங்குங்கள். உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலும் ஆகாது. கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடக் கூடாது.

கண்டபடி சாப்பிட்டால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். பிறகு பெரிய நோய் வந்தாலும் மருந்து கேட்காது. அதனால்தான் கேரள அரசு 2024இல் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்று மருந்துக் கடைகளைச் சோதித்தது. தனுவச்சபுரத்துக்காரருக்குப் பாறசாலை அரசு ஆஸ்பத்திரி பக்கம்தான். கடைக்காரர் சீட்டு கேட்டால் கோபப்படாதீர்கள்.